தலைவருக்கு முடிவு தெரியாது

என் வீட்டுக்காரர் உத்திராபதி எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்குத் தலைவரான அன்றைக்கே, இனி இந்த வீட்டில் குப்பை இருக்கக் கூடாது என்று அறிவித்தார். நான் சந்தோஷமாக விளக்குமாற்றை எடுத்தேன். அவர் கைகாட்டியது என் புத்தகங்களை.

கடையில் வாங்கிய புத்தகங்கள் இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியவை. மொத்தம் பதினொரு வால்யூம். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது இரண்டு. மற்றதெல்லாம் உலை கொதிக்கிற நேரத்திலும் பிள்ளைகள் தூங்குகிற நேரத்திலும் படித்துச் சேர்த்தது. எட்டாவதோடு நின்ற எனக்கு மீதிப் படிப்பைக் கொடுத்ததே அவைதான்.

அதெல்லாம் இலக்கியமே இல்லையாம். வெறும் 'அப்புறம் என்ன ஆச்சு'வாம். அதற்காகத்தானே படிக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"கூட்டத்துக்கு வர்ற எழுத்தாளர் நம்ம வீட்லதான் சாப்பிடப் போறார். தலைவர் வீட்ல இதைப் பார்த்தா என்ன நினைப்பார்?"

மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டார். கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பழைய பேப்பர்காரர் வருவார். பிள்ளையாரப்பா, என் புத்தகமும் தப்பிக்க வேண்டும், இவர் மானமும் தப்பிக்க வேண்டும், இரண்டும் முடியாவிட்டால் புத்தகத்தைப் பார் என்று விளக்கேற்றினேன்.

வரப்போகிற எழுத்தாளர் ஜாஃபர் சாதிக். கூத்தாநல்லூர்க்காரர், இப்போது சென்னைவாசி. அவர் நாவல் அறுநூற்று நாற்பது பக்கம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேச வேண்டும். தலைவர் ஒரு மாதமாக அதைப் படிக்கிறார். மதியம் சாப்பிட்டதும் எடுப்பார். ஆழமாகப் படிக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். பதினாலாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி நழுவி விழும். அந்தப் பக்கத்தில் கண்ணாடி விழுந்த தடமே பதிந்திருந்தது.

கடைசியில் புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்தார். நான்தான் வேகமாகப் படிப்பேனாம். சாரத்தை மட்டும் சொன்னால் போதுமாம், அலசல் அவருடையதாம்.

நாலே நாளில் முடித்தேன். எடுத்த புத்தகத்தைப் பாதியில் வைப்பது எனக்கு இலையில் சோற்றை மிச்சம் வைப்பது மாதிரி. திங்கட்கிழமை சொல்ல உட்கார்ந்தேன்.

"ஒருத்தர் ஜன்னலோரமா உக்காந்திருக்கார். அவர் தாத்தாவோட குடையைப் பத்தி யோசிக்கிறார்."

"சரி, அப்புறம்?"

"அப்புறமும் யோசிக்கிறார்."

"எத்தனை பக்கம்?"

"முந்நூத்தி எம்பது வரைக்கும். அதுக்கப்புறம் குடையைக் காணோம்."

குடை கிடைத்ததா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். குறட்டைதான் வந்தது. எனக்கென்னவோ அந்தப் புத்தகம் பிடித்துத்தான் இருந்தது. ஒரு மனுஷன் ஒரு பொருளை அவ்வளவு நேரம் நினைப்பது ஜபம் மாதிரி இருந்தது.

விழித்ததும் எனக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டினார். இவ்வளவு பெரிய புத்தகத்தில் ஒன்றுமே நடக்காமல் இருக்குமா, அடியில் ஒரு கதை ஓடும், அதைப் பிடித்துச் சொல்லு என்றார்.

சரி என்று மறுநாள் ஒரு கதை சொன்னேன். எந்தப் புத்தகத்துக் கதை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூட்டைக்குள் இருந்த ஐந்தாவது வால்யூம்.

மீனா என்று ரைஸ்மில் முதலாளியின் பெண். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வந்த கார் கொள்ளிடத்தில் விழுந்துவிடுகிறது. ஆள் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து, அப்பாவின் கண்ணீருக்காக வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டச் சம்மதிக்கிறாள்.

பத்திரிகையில் எங்கெங்கே 'தொடரும்' போட்டார்களோ, நானும் அங்கங்கே நிறுத்தி, சாம்பாரைக் கிளறப் போய்விட்டேன். புதன்கிழமை நோட்டுப்புத்தகத்தோடு அவரே வந்தார். வியாழக்கிழமை அவர் காபி ஆறி ஆடை படிந்தது. வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபம். கெட்டிமேளம். தாலியை எடுக்கிற நேரத்தில் வாசலில் ஒருத்தன் வந்து நிற்கிறான்.

நிறுத்தினேன்.

"வாசல்ல யாரு?" என்றார், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எட்டிப் பார்த்தேன். "பேப்பர்காரர்."

மூட்டையைத் தூக்க எழுந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணீர் நிஜம்தான், சுவாமி சாட்சி.

"அந்தப் புத்தகமெல்லாம் வெளிய போற அன்னிக்கு எனக்கு மனசு ஒரு நிலையில இருக்காதுங்க. கதை வராது."

நோட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் வரச் சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மிச்சம் நாளைக்கு என்றேன்.

சனிக்கிழமை பிரதோஷம். நான் கோயிலிலிருந்து வந்தபோது அவர் பேனர் கட்டப் போயிருந்தார். ஞாயிறு காலை அவர் பின்னாலேயே போய், ஏங்க, அந்தக் கதை வந்து என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும், மனசுக்குள் கோத்து வைத்திருப்பது கலைந்துவிடும் என்று என் வாயை அடைத்தார். முடிவையாவது கேளுங்கள் என்றதற்கு, முடிவை நான் சமாளித்துக்கொள்வேன் என்றார். நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன். வேறென்ன செய்வது?

கூட்டம் நூலக மாடியில். ரோடு முழுக்க குறுவை நெல் காய்ந்ததால், வந்தவர்கள் எல்லாரும் செருப்பில் நாலு நெல்லோடுதான் படியேறினார்கள். நான் சுண்டல் தூக்கோடு கடைசி வரிசை.

அவர் நன்றாகவே பேசினார். மீனாவின் தனிமை டெல்டாவின் தனிமை என்றார். கொள்ளிடம் என்பது இங்கே ஆறு அல்ல, காலம் என்றார். மேடையில் எழுத்தாளர் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அடுத்து செயலாளர் வளவன், கல்லூரி வாத்தியார். மீனாவைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லையாம். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் இளையபெருமாள், நாவலை மூன்று முறை வாசித்தாராம், மூன்று முறையும் கார் ஆற்றில் விழும்போது அழுதாராம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மாடியில் நாவலைப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் எழுதினவர். இன்னொருத்தி சுண்டல் வைத்திருந்தாள்.

முடிவை நான் சொல்லப்போவதில்லை, வாசகர்களே கண்டடைய வேண்டும் என்று இவர் மறுபடி எழுந்து முடித்துவைத்தார். கைதட்டல்.

எழுத்தாளர் மைக்கிடம் போகவில்லை. நேராக இவரிடம் வந்தார்.

"ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். வாசல்ல நின்னது யாருங்க?"

இவர் நோட்டைப் புரட்டினார்.

பிறகு எழுத்தாளரே சொன்னார். சின்ன வயதில் அவர் அம்மா மர்யம், தெருப் பெண்களைக் கூட்டிவைத்து இந்தத் தொடரை வாராவாரம் வாய்விட்டு வாசிப்பாராம். கடைசி வாரம் வெள்ளம் வந்து பத்திரிகை ஊருக்குள் வரவில்லை. கண்ணை மூடுகிற வரைக்கும் அம்மா அந்த முடிவைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். சென்னையில் அவர் ஏறி இறங்காத பழைய புத்தகக் கடை இல்லையாம். தன் நாவலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. ஹெட்மாஸ்டர் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தொடர் யார்கிட்ட இருக்குங்க?"

இவர் நோட்டை மூடினார். அப்புறம் கடைசி வரிசைக்குக் கை நீட்டினார்.

"அவங்ககிட்ட."

முப்பத்திரண்டு வருஷத்தில் என்னை 'அவங்க' என்றது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்த எழுத்தாளர் இலையில் உட்காரவில்லை. மாடிப்படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து தானே மூட்டையை அவிழ்த்தார். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். ஜெராக்ஸ் எடுத்துத் திருப்பி அனுப்புகிறேன் அம்மா என்று அந்த வால்யூமை வாங்கிக்கொண்டு ரயிலேறினார். வாசலில் நின்றது யார் என்று அவரிடம் கேட்க தலைவருக்குக் கூச்சம்.

அன்று சாயங்காலமே மீதிப் பத்து வால்யூமும் தேக்கு அலமாரியின் நடுத்தட்டில் ஏறின. மூன்று நாள் அவர் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். நாலாம் நாள் வந்து நின்றார்.

"அது யாருன்னு சொல்லிடேன்."

"அதுக்கென்னங்க, உக்காருங்க" என்று வாழைப்பூத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். கை சும்மா இருந்தால் கதை மனசில் ஏறாது என்றேன். நரம்பு எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்தேன். கல்யாண மண்டபத்திலிருந்து நிதானமாக ஆரம்பித்தேன்.

நேற்றோடு பதினாறு நாள். பதில் ஒரே வரிதான். ஆனால் கொல்லையில் இன்னும் மூன்று வாழை பூ தள்ளியிருக்கிறது.