காஷ்கை கம்பளமும் இறால் குழம்பும்

வருங்கால மாமியார் வீட்டுக்கு முதல் தடவை விருந்துக்குப் போகிறவன், சாப்பிடுவதற்கு மட்டும் வாயைத் திறப்பது நல்லது. நான் பேசுவதற்கும் திறந்தேன்.

எனக்கு ஊர் நெரவி. காரைக்கால் கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே கண்ணாடி மாற்ற வந்த ரெஜினா, பிறகு கண்ணாடி நன்றாக இருக்கும்போதே அடிக்கடி வர ஆரம்பித்தாள். அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, குடும்பத்தோடு தலத்தெருவுக்குத் திரும்பி, சில வருஷங்களில் காலமாகிவிட்டார். வீட்டில் அம்மாவும் பெண்ணும்தான். “ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு, பாக்கலாம்” என்று அம்மா சொல்லி அனுப்பினார். அந்தப் ‘பாக்கலா’மில்தான் என் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

ரெஜினா ஒரு துப்புக் கொடுத்தாள். “கூடத்துல அப்பா பிரான்சுல வாங்கின பழைய பாரசீகக் கம்பளம் கிடக்கும். அம்மாவுக்கு அதுன்னா உசிரு. நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லு, போதும்.”

அவள் கேட்டது ரெண்டு வார்த்தை. நான் அந்த வாரம் முழுக்க போனில் கம்பள வீடியோ பார்த்தேன். (கடைக்கு வந்தவர்களைச் சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, கல்லாவுக்குக் கீழே நான் ஈரானின் தப்ரீஸ் நகரத்தில் இருந்தேன்.) காஷான் என்றால் நடுவில் பதக்கம் போலப் பெரிய பூ, சுற்றிலும் அடர்சிவப்பு. கெர்மான் என்றால் கொடியும் பூவுமாக ஒரு தோட்டமே விரியும். ஹெரீஸில் பூகூட கோணம் கோணமாக, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி வரும். நகரத்துப் பட்டறைகளில் ஓவியர் தாளில் வரைந்து கொடுத்ததை இழை பிசகாமல் முடிச்சுப் போடுவார்கள். அதுவரை பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். வீடியோவின் பிற்பாதியில்தான் கம்பளம் நெய்யும் நாடோடிகள் வந்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். “வாங்க தம்பி, உக்காருங்க” என்று அம்மா அன்பாகத்தான் வரவேற்றார். சாப்பாட்டு மேசையை ஒட்டி அந்தக் கம்பளம். கருநீலமும் சிவப்பும், நடுவில் வைர வடிவங்கள், இடம் கிடைத்த பக்கமெல்லாம் குட்டிக் குட்டி ஆடுகள், பறவைகள்.

“கம்பளத்தைப் பத்தி நிறையத் தெரியுமாமே? ரெஜி சொன்னா” என்றார் அம்மா, சோறு போட்டபடி.

‘ரொம்ப நல்லா இருக்குங்க’ என்று சொல்லியிருக்கலாம்.

“இது காஷான் இல்லீங்க” என்றேன். “தப்ரீஸும் இல்ல, கெர்மானும் இல்ல.”

“அப்ப?”

“ஒரு முனை அகலமா இருக்கு, ஒரு முனை குறுகிப்போச்சு. பாதியில சிவப்பு செங்கல் கலரா மாறுது. ஒரிஜினல்ல இப்படி வராதுங்க. ஐயாவை யாரோ ஏமாத்திட்டாங்க. டூப்ளிகேட்.”

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. ரெஜினா கண்ணாடியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

“மிஷின்ல நெய்ததான்னு பின்பக்கம் பாத்தா தெரிஞ்சுடும்” என்று குனிந்து, கம்பளத்தின் மூலையைத் தூக்கினேன்.

அந்த மூலையில்தான் டீப்பாய் நின்றது. டீப்பாய் மேல்தான் இறால் குழம்பு இருந்தது.

குழம்பு கருநீலத்தைக் கடந்து, சிவப்பைக் கடந்து, என் பேண்ட்டுக்கும் வந்தது. ஒரு இறால் போய் ஒரு ஆட்டின் முதுகில் உட்கார்ந்துகொண்டது.

அம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “தூக்குங்க” என்றார், அவ்வளவுதான். மூவருமாகக் கொல்லைக்கு இழுத்துப் போனோம். எனக்கு மாற்றிக்கொள்ள ஐயாவின் பழைய லுங்கி கிடைத்தது. (பெண் பார்க்க வந்த வீட்டில், மாமனார் லுங்கியில், மண்டி போட்டு.) நனைந்த கம்பளம் எருமைக்கன்று கனம் கனத்தது. தேய்த்துக்கொண்டே திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் ஒவ்வொரு ஆடும் அதே துல்லியத்தோடு நின்றது. குஞ்சம் தைத்து ஒட்டியதல்ல, நீளவாக்கில் ஓடும் பாவு நூலே நீண்டு குஞ்சமாகியிருந்தது. அவ்வளவு தண்ணீருக்கும் சாயம் ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் வீடியோவில் பார்த்த எல்லாப் பரீட்சையிலும் கம்பளம் தேறிவிட்டது.

“அம்மா, இது டூப்ளிகேட் இல்லீங்க” என்றேன், நிமிராமல்.

“தெரியும்” என்றார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இதை வாங்கிட்டு வந்த அன்னிக்கு நானும் அவருகிட்ட இதையேதான் சொன்னேன். கோணலா இருக்கு, ஏமாந்துட்டீங்கன்னு. அவரு சொன்னாரு, இது காஷ்கை ஆளுங்க நெய்தது, ஷிராஸ் பக்கம் ஆடு ஓட்டிக்கிட்டு இடம் இடமாப் போறவங்க. தரையில தறி போட்டு நெய்வாங்களாம். கிளம்பணும்னா பாதிக் கம்பளத்தைத் தறியோட சுருட்டிக்குவாங்க. அடுத்த இடத்துல திரும்ப இழுத்துக் கட்டுறப்ப கோணிப்போகும், புதுசா சாயம் காய்ச்சுறப்ப சிவப்பு மாறும்னாரு. நான் நம்பினாத்தானே? அவரு இருந்த வரைக்கும் இதே சண்டைதான்.”

சிவப்பு மாறுகிற இடத்தில் கையை வைத்துக்கொண்டார்.

“இப்ப நீங்க சொன்னதும் எனக்குச் சுர்ருன்னு கோவம் வந்துச்சு பாருங்க. அப்பதான் தெரியுது, நான் எப்பவோ அவரு கட்சிக்கு மாறிட்டேன்னு. அவருகிட்டச் சொல்லத்தான் முடியல.”

நான் அவர் கை இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, தேய்த்துக்கொண்டே இருந்தேன். ரெஜினா அம்மாவின் தோளில் சாய்ந்து நின்றாள்.

கம்பளத்தை மாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்தோம். மஞ்சள் கறையை வெயில் பார்த்துக்கொள்ளும் என்றார் அம்மா. (கறையை வெயில் பார்த்துக்கொண்டது. வாசனையைப் பக்கத்து வீட்டுப் பூனை நெடுநாள் பார்த்துக்கொண்டது.) படியிறங்கும்போது அவர் திரும்பி, “குழம்புதான் போச்சு, ரசம் இருக்கு. சாப்பிட வாங்க மாப்பிள்ளை” என்றார்.

ரெஜினாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு மகள் பிறந்தபோது, ஆஸ்பத்திரியில் முதலில் குழந்தையை வாங்கியவர் மாமியார்தான். பிறந்த குழந்தை அல்லவா, தலை லேசாக ஒரு பக்கம் கோணியிருந்தது, காது ஒன்று மட்டும் செக்கச் சிவப்பு. நான் கவலையாக எட்டிப் பார்த்தேன். அவர் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நர்ஸ்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“திருப்பிப் பாக்காதீங்க மாப்பிள்ளை. ஒரிஜினல்தான்.”