இராஜம்மாவின் குழியில் எல்லாருக்கும் பங்கு

பூமிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஓர் அரசாங்கம் தெரிந்து வைத்திருப்பது மிக அவசியம். இதன் பொருட்டுத் தலைநகருக்கு வெளியே டெங்கில் பக்கம் ஓர் அலுவலகம் திறந்து, அதில் அதிவேகக் கணினி ஒன்றை நிறுவினார்கள். பீரோ உயரத்தில் நாற்பத்தெட்டுப் பெட்டிகள். பெட்டிகள் சூடாகாமல் இருக்கக் குளிர்சாதனம். அந்தக் குளிரைத் தாங்க அதிகாரிகள் பதினான்கு பேருக்கும் கம்பளிச் சட்டை. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் ஆழம் வரை பாறை எங்கே சூடேறி எழும்புகிறது, எங்கே ஆறி இறங்குகிறது என்று கணினி கணக்குப் போட்டு வண்ணப் படமாகக் காட்டியது.

இந்தச் சமயத்தில்தான் பிரிக்பீல்ட்ஸில் இராஜம்மாவின் தோசைக் கடைக்குள் தரை இறங்கியது. நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், ஆழம் ஒன்றேகால் மீட்டர். குழியின் விளிம்பிலிருந்து அடுப்புக்கு அறுபத்திரண்டு அங்குலம். அந்த ஓர் அடுப்புதான் இராஜம்மாவுக்கும் கூட வேலை செய்யும் மாரியாயிக்கும் சோறு போட்டது.

வட்டார அலுவலகத்தில் கையை விரித்தார்கள். "தரைக்கு மேலே இருந்தா எங்க வேலை. கீழே போயிடுச்சுன்னா டெங்கில்தான்."

மனு எழுதப்பட்டது. தெருவில் முப்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து பக்கத்து முடிதிருத்தகம் நாகையாவுடையது.

டெங்கிலில் துணை இயக்குநர் முகுந்தன் கம்பளிச் சட்டையோடு வரவேற்றார்.

"ஆன்டி, எங்க மாடல்ல உங்க குழி தெரியலையே."

"கடைக்கு வாங்க சார், நல்லாத் தெரியும்."

"நேர்ல போய்ப் பார்க்கிறதெல்லாம் பழைய முறை லா. நாங்க பூமியைக் கட்டம் கட்டமாப் பிரிச்சிருக்கோம். ஒரு கட்டம் இருபத்தஞ்சு கிலோமீட்டர் நீளம், இருபத்தஞ்சு அகலம். பிரிக்பீல்ட்ஸ், அம்பாங், பத்துமலை மூணும் ஒரே கட்டம். உள்ள எது நடந்தாலும் சராசரிதான்."

"அப்ப என் குழி?"

முகுந்தன் விசையைத் தட்டினார். நாற்பத்தெட்டுப் பெட்டிகளும் உறுமின.

"கட்டம் முழுக்கச் சமமாப் பங்கு போட்டாச்சு. ஒரு மில்லிமீட்டரை அஞ்சு லட்சமா வெட்டினா அதுல ஒரு துண்டு. அவ்வளவுதான் உங்க குழி. அம்பாங் பல் டாக்டருக்கும் அதே ஆழம்தான். அவர் வந்து கம்ப்ளேன் பண்ணாரா?"

"அவர்கிட்ட அடுப்பு இல்லையே சார். என் அடுப்பு உள்ள போயிடும்."

"சராசரியா யார் அடுப்பும் போகாது, ஆன்டி."

இராஜம்மா விடவில்லை. நான்காம் முறை போனபோது விளிம்புக்கும் அடுப்புக்கும் இடையே நாற்பது அங்குலம்தான் மிச்சம் என்றார்.

"விண்ணப்பத்துல அறுபத்திரண்டுன்னு இருக்கு," என்றார் முகுந்தன். "விண்ணப்பம் குடுத்த பிறகு பூமி நகர்ந்தா நாங்க பொறுப்பில்ல."

ஆறாம் முறை மேலிடம் மனம் இரங்கியது. ஐந்து கன மீட்டர் மணல், அதாவது ஒரு லோரி, ஒதுக்கப்பட்டது. உத்தரவின் கடைசி வரி இது: "மேற்படி குழி கட்டம் முழுமைக்கும் பொதுவானதாகையால், மேற்படி மணலும் கட்டம் முழுமைக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கப்படும்."

அலுவலகக் காரில் முகுந்தனே கடைக்கு வந்தார். கூடவே ஒரு புகைப்படக்காரர். மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையை நீட்டினார். இராஜம்மா பிரித்துப் பார்த்தார். உள்ளே இரண்டு கடுகு அளவுக்கு மணல் இருந்தது.

"என்ன சார் இது?"

"உங்க ஒரு சதுர மீட்டருக்கு உரிய பங்கு. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, தப்பு வராது."

இராஜம்மா அதைக் குழியில் கொட்டினார். புகைப்படம் எடுக்கப்பட்டது. மாலை மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் குழி நிரம்பி, அதற்கு மேலும் மேடு தட்டிவிட்டதாகக் கணினியில் பதிவாயிற்று.

படம் அன்றைக்கே எல்லாருடைய கைப்பேசிக்கும் போய்விட்டது.

மறுநாள் காலை, இடைவெளி ஒன்பது அங்குலமாகிவிட்டது என்று சொல்ல இராஜம்மா ஏழாம் முறையாக டெங்கிலுக்குப் போனார். வாசலில் இருநூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் நாகையா. மனுவில் கையெழுத்துப் போட்ட மற்ற முப்பத்தாறு பேரும் இருந்தார்கள். பல் டாக்டரும் இருந்தார்.

"என்னண்ணே, உங்க கடையிலயும் குழியா?"

"குழி எதுக்கு? மணல் எல்லாருக்கும் சமம்னு உத்தரவுலயே இருக்கு. உனக்கு மட்டும் கடைக்கே கொண்டாந்து குடுத்தான், நாங்க என்ன இளிச்சவாயனுங்களா?"

"ரெண்டு கடுகுதான்ணே குடுத்தாங்க."

"கடுகோ மலையோ, நம்ம பங்கு நம்ம பங்குதான் லா." நாகையா குரலைத் தாழ்த்தினார். "ஆமா, உன் கடை நாப்பது சதுர மீட்டர் ஆச்சே. ஒண்ணுக்குத்தானே குடுத்திருக்கான்? மீதி முப்பத்தொம்பது?"

 இராஜம்மா எண் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். எண் இருநூற்றுப் பதினான்கு.

பகல் இரண்டு மணிக்கு மாரியாயி கடையிலிருந்து கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா! கேஸை மூடிட்டேன். ஆனா அடுப்பு உள்ள போயிடுச்சுக்கா! உடனே வாங்க!"

இராஜம்மா வரிசையை எட்டிப் பார்த்து, தலைகளை எண்ணினார்.

"எனக்கு முன்னால பதினோரு பேர்தான்டி இருக்காங்க," என்றார். "இப்ப விட்டா நம்பர் போயிடும்."