ஒன்பதேகால் இடம்

ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். இரண்டு முட்டையை வேகப்போட்டான். மகளின் பையில் தண்ணீர் பாட்டிலைச் செருகினான். மூன்று தடவை இருமினான்.

"மூணு," என்றாள் மகள். காலண்டரில் மூன்று கோடு கிழித்தாள்.

அவளுக்கு ஏழு வயது. இருபது நாளாக அவன் இருமலை எண்ணி வருகிறாள். அவள் அம்மாவும் முதலில் "வெறும் இருமல்தான்டா கண்ணு" என்றுதான் சொன்னாள். அம்மா இறந்து ஏழு மாதமாகிறது. அதிலிருந்து 'வெறும்' என்று யார் சொன்னாலும் மகள் நம்புவதில்லை.

"இன்னைக்கு டாக்டர்கிட்ட போகலைன்னா நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்."

"லைன் கிடைக்கணுமேடா."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

அந்தக் கிளினிக்கில் ஒரே டாக்டர். காலை எட்டு மணிக்குப் போனில் முன்பதிவு தொடங்கும். எட்டு நாலுக்கு முடிந்துவிடும். அவன் லிஃப்ட் மெக்கானிக். பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் லிஃப்ட் சீக்கிரம் வராது என்று தினமும் பத்துப் பேருக்காவது சொல்கிறவன். நேற்று நாலு நிமிடத்தில் நாற்பத்தொரு தடவை அதே எண்ணை அமுக்கியிருந்தான்.

இன்றைக்கு ஆள் சேர்த்திருந்தான். ஹாலில் மாமியார் ஒரு போனோடு. மாடிப்படியில் மேல்வீட்டு பஸ் டிரைவர் ஒரு போனோடு. எட்டு அடித்ததும் மூவரும் அமுக்கினார்கள்.

"மாப்பிள்ளை, கிடைச்சிடுச்சு! எட்டு நாப்பது!" என்று மாமியார் கத்தினாள்.

"தம்பி, வாங்கிட்டேன்! ஒன்பது அம்பது! விட்டேனா பாரு!" என்று டிரைவர் படியில் குதித்து இறங்கினார்.

அடுத்த நொடியே அவன் போனிலும் ஒரு பெண்குரல். "கிளினிக். சொல்லுங்க."

இருபது நாளில் முதல் தடவை. அவனுக்கு வாய் குழறியது. பெயரைச் சொல்லிவிட்டு, "எனக்கு ஏற்கெனவே கிடைச்சிடுச்சுங்க," என்றான்.

"எத்தனை?"

"ரெண்டு."

தட்டச்சு சத்தம் கேட்டது. "ஒரே ஆளுக்கு ரெண்டு இடம்னா ரெண்டையும் ரத்து பண்ணணும். அதான் இங்க விதி."

"ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு..."

"ரெண்டும் வேற ஆளுக்குப் போயாச்சு. இன்னைக்கு முடிஞ்சது." போன் வைக்கப்பட்டது.

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உங்களை யாரு மாப்பிள்ளை உண்மையைப் பேசச் சொன்னது?"

டிரைவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியேறினார்.

மகள் காலணியைக் கழற்றி மூலையில் எறிந்தாள். வேறு வழியில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனான்.

கிளினிக்கில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காலையில் கேட்ட அதே குரல்காரம்மா. கண்ணாடியில் ஒரு அட்டை: 'நேரில் முன்பதிவு இல்லை. போனில் மட்டும்.'

அவன் அட்டையைப் படித்தான். போனை எடுத்தான். அமுக்கினான்.

அந்தம்மா மேஜையில் போன் அடித்தது. அவனைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள்.

"கிளினிக். சொல்லுங்க."

"நான்தாங்க பேசறேன்."

"தெரியுது."

"ஏதாவது ஒரு இடம்..."

"முடிஞ்சுதுன்னு காலையிலேயே சொன்னேனே."

"அப்பா, போனை வெச்சிட்டு நேராவே பேசலாமே. ஒரு முழ தூரம்தான் இருக்கு," என்றாள் மகள்.

"விதி, பாப்பா," என்றாள் அந்தம்மா, போனிலேயே.

அவன் இருமினான். கண்ணாடியில் ஆவி படிந்தது. "பதினொண்ணு," என்றாள் மகள்.

அந்தம்மா அவளைப் பார்த்தாள். "குடும்ப அட்டை எண் சொல்லுங்க. நாளைக்காவது பார்க்கறேன்."

சொன்னான். தட்டச்சு சத்தம் நின்றது.

"இதுல இன்னைக்கு ஒன்பதேகாலுக்கு ஒரு இடம் இருக்கே."

"அது என் மனைவியோடது. வாராவாரம் வியாழக்கிழமைக்குன்னு நிரந்தரமா போட்டு வெச்சது. அவங்கம்மா கூட்டிட்டு வருவாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அவ இப்ப இல்லைங்க. ஏழு மாசமாச்சு. சொல்லாம விட்டுட்டேன். அதை ரத்து பண்ணிடுங்க."

மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பெஞ்சிலிருந்த பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "அட, வாயை மூடிக்கிட்டு உள்ள போங்க சார்!"

அந்தம்மா போனை வைத்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"ரத்து பண்ண எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒன்பதேகால் வரைக்கும் வாசலைப் பார்ப்பேன். யாரும் வரலைன்னா, இடம் கிடைக்காம உக்காந்திருக்கற ஒருத்தரை உள்ள அனுப்பிடுவேன். நீங்கதானா அந்த லிஃப்ட்காரர்?"

"யாரு சொன்னா?"

"உங்க வீட்டுக்காரம்மாதான். கடைசியா வந்த அன்னைக்கு, கிளம்பும்போது இந்தக் கதவைத் தட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. போங்க, மணி ஒன்பது பதினாலு."

மகள் டாக்டரின் அறைக்கதவை ஏற்கெனவே திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அசையவில்லை.

"என்ன சொன்னா?"

"'அவரு தனக்குன்னு எதையும் கேக்கமாட்டாரு. ஊரையே போன் பண்ண வெப்பாரு, கிடைச்சதையும் வேண்டாம்னுடுவாரு, கடைசியில உங்க எதிர்ல வந்து முழிச்சுக்கிட்டு நிப்பாரு. அன்னைக்கு என் இடத்தைக் குடுத்துடுங்க.'"