அக்கார்டியனும் மேடையில் பத்து நிமிடமும்

அல்சூர், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மாமா பாலசுப்ரமணியன் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் இராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் சாந்தகுமாரியும் சௌக்கியம். குடியாத்தத்தில் நீங்களும் அக்காவும் கல்யாணப்பெண் தாரணியும் சௌக்கியமாக இருப்பதோடு, உங்கள் சர்க்கரையும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சோமேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீங்கள் தலைமையாசிரியர் ஆகிவிடுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரை நானே பேசலாம். பத்து நாளாக உங்கள் போனை நான் எடுக்காததற்கும் காரணம் உண்டு, அதற்கும் வருகிறேன். முதலில் என் விண்ணப்பம். தாரணி ரிசப்ஷன் மேடைக்கு வரும்போது, தாய்மாமனாகிய நான் பத்து நிமிடம் அக்கார்டியன் வாசிக்க நீங்கள் அனுமதி தர வேண்டும். "மேடையில கோமாளித்தனமெல்லாம் வேணாம், கீபோர்டு பார்ட்டிக்குச் சொல்லியாச்சு" என்று போன மாதம் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. அப்போது என்னிடம் இருந்தது ஒரு பெட்டி நிறைய உதிரி பாகங்கள்தான். இப்போது அது பாடுகிறது மாமா, நிஜமாகவே பாடுகிறது.

வீட்டிலேயே அக்கார்டியன் செய்துகொள்ளும் கிட் ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள். மரப்பலகை, எட்டுப் பொத்தான், காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்பும் பித்தளை ரீடுகள், நடுவே விரிந்து சுருங்குகிற அட்டைத் துருத்தி. செய்முறைப் புத்தகத்தில் எழுத்தே கிடையாது, படம்தான். படத்தில் இருக்கிற ஆள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிரித்துக்கொண்டே இருக்கிறான், அவனுக்கு மட்டும் எல்லாம் பொருந்துகிறது. எனக்கு ஒரு பக்கத்தைத் தாண்டவே நான்கு நாள் ஆனது. ஏனென்றால் வந்த திருகாணிகளை எல்லாம் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, மூன்றை நிராகரித்து, கம்பெனிக்கு முறைப்படி ரிப்போர்ட் அனுப்பினேன். பழக்க தோஷம். ரீடுகளை மெழுகு உருக்கி ஒட்ட வேண்டும் என்று படம் சொன்னது, நான் சாந்தாவின் பால் பாத்திரத்தில் உருக்கினேன். மறுநாள் காபியின் மேல் ஏடு படிந்திருப்பதாக நினைத்து இருவரும் ரசித்துக் குடித்தோம். அதை விடுங்கள். எட்டாம் நாள் துருத்தியைப் பூட்டி மெதுவாக இழுத்தேன். அதற்குள் காற்று போகிற சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இங்கேதான் மாமா ஒரு சின்ன சறுக்கல். நான் முப்பத்து நான்கு வருடம் பேக்டரியில் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். டாங்கில் காற்றை அடைத்துத் தொட்டித் தண்ணீரில் முக்குவேன். குமிழி வந்தால் ரிஜெக்ட், வராவிட்டால் பாஸ். அக்கார்டியனில் எங்கேயோ காற்று கசிகிற மாதிரி பட்டது. கை தானாகப் போய்க் குழாயைத் திறந்தது. துருத்தியை மட்டும் கழற்றி, இரண்டு பக்கமும் அடைத்து, நீலப் பக்கெட்டில் முக்கிக் குமிழிக்காகக் காத்திருந்தேன். குமிழி ஒன்றுகூட வரவில்லை. பாஸ் என்று சந்தோஷமாக எடுத்துப் பார்த்தால் கையில் துருத்தியும் வரவில்லை, கஞ்சி மாதிரி ஏதோ வந்தது. "அட்டைன்னு தெரியாதா உங்களுக்கு?" என்றாள் சாந்தா. அட்டை என்று தெரியும், பரிசோதனை என்று வந்துவிட்டால் எனக்கு வேறெதுவும் தெரியாது.

உடனே கம்பெனிக்கு வேறு துருத்தி கேட்டு எழுதினேன். பதில் இல்லை. கல்யாணமோ நெருங்குகிறது. நல்ல தடிமனான, மடித்தால் உடையாத அட்டைக்கு எங்கே போவேன்? அப்போது என் கண் பீரோ மேல் இருந்த கட்டின் மீது பட்டது. மாமா, தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள். அது அல்சூரில் நம் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு. "நானே ப்ரூஃப் பாத்தேன், அட்டையும் நானே செலக்ட் பண்ணேன், பத்து வருஷத்துக்குக் கிழியாது" என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள் அல்லவா, அதுதான் என் காதில் ஒலித்தது. இரண்டே இரண்டு பத்திரிகைதான் எடுத்தேன். இரண்டில் துருத்தி செய்ய முடியாது என்பது இரண்டை வெட்டிய பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள் வேலை. நாலு பக்கமும் பதினாறு மடிப்பு, மூலைக்கு ரெக்சின், கசிவுக்கு ஊதுபத்திப் புகை வைத்துப் பரிசோதனை. கட்டு காலியாகிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் உங்கள் போன். பயத்தில் எடுக்கவில்லை. சாந்தாவிடமும் விஷயத்தைச் சொல்லாமல், "அவன்கிட்டதான் பேசணும்" என்று வைத்துவிட்டீர்களாம். யார் மூலமோ உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். மன்னித்துவிடுங்கள் மாமா. உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் துருத்தியைப் பூட்டி முதல் பொத்தானை அழுத்தினேன் பாருங்கள். கீழ் வீட்டுக்கார சந்திரம்மா கையில் வெந்நீரோடு மாடியேறி வந்துவிட்டார். "என்னா ராஜமாணிக்கம், யாருக்கு வயித்து வலி? சொல்ப முன்னாடியே கூப்டக் கூடாதா?" என்றார் தன் கன்னடத் தமிழில். அது ரீடு தலைகீழாக இருந்ததால் வந்த சத்தம். எதிர்வீட்டு ஜாய்சன் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர், அவர் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு ரீடாகச் சுரண்டிச் சரிசெய்தார். இப்போது ஒரு நலங்குப் பாட்டு முழுசாக வருகிறது. காற்று வெளியே போகவே கூடாது என்று முப்பத்து நான்கு வருடம் காவல் இருந்தவன் நான். போகவிட்டால் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருக்கிறேன் மாமா, வெட்கமாகக்கூட இல்லை.

பத்திரிகை இல்லாமல் எப்படி அழைத்தாய் என்று கேட்பீர்கள். வெட்டும்போதே யோசித்துத்தான் வெட்டினேன். துருத்தியை முழுசாக இழுத்தால் முன்பக்க மடிப்புகளில் வரிசையாக எல்லாம் தெரியும். மேலே பிள்ளையார், அப்புறம் தாரணி, அஷ்வின், முகூர்த்தம், மண்டபம், கடைசி மடிப்பில் 'தங்கள் நல்வரவை நாடும்' நீங்களும் அக்காவும். சாந்தா தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு முன்னால் போனாள், நான் பின்னாலேயே போய் வாசலில் நின்று வாசித்தேன். பாட்டு முடிவதற்குள் அவர்களும் படித்து முடித்துவிடுகிறார்கள். பத்திரிகையை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் போடுகிறவர்கள்கூட "இன்னொரு தடவ இழுங்கண்ணா" என்று கேட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்கள். எப்போதும் வருவதாகச் சும்மா சொல்லிவிட்டு வராமலேயே இருந்துவிடும் முனியப்பன் சித்தப்பா இந்த முறை இரண்டு பஸ் பேசிவிட்டார். ஒருவர்கூடப் பாக்கியில்லாமல் அல்சூரே கிளம்பி வருகிறது. இவ்வளவு பேரும் என்னைக் கேட்பது ஒன்றுதான்: "மேடையில வாசிப்பீங்கல்ல?" நான் என்ன பதில் சொல்ல? அந்தப் பத்து நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தாரணிக்கும் வரப்போகிற மாப்பிள்ளைக்கும் மாமனின் ஆசிகள். நீங்கள் மாத்திரையை வேளாவேளைக்குப் போடவும்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
இராஜமாணிக்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது, வந்து ஒரு வாரமாகக் கட்டிலடியில் கிடந்த பார்சல் காலில் இடித்தது. கம்பெனி அனுப்பிய புதுத் துருத்தியாகத்தான் இருக்கும், இனி எனக்கு எதற்கு என்று அனுப்பியவர் பெயரைக்கூடப் பார்க்காமல் வீம்பாகப் பிரிக்காமல் வைத்திருந்தேன். இப்போது பிரித்தேன். உள்ளே துருத்தி இல்லை. புதிதாக ஒரு கட்டுப் பத்திரிகையும் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டும் இருந்தன. உங்கள் மூத்த பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை அச்சகத்தில் மாதிரிக்குக் கொடுத்ததில் பழைய மண்டபத்தின் பெயரே அச்சாகிவிட்டது, நீங்களும் ப்ரூஃபில் கவனிக்கவில்லை, அந்த மண்டபம் இடிபட்டு இப்போது தோல் கிடங்காக இருக்கிறது, ஆகவே முதல் கட்டில் ஒன்றைக்கூட யாருக்கும் காட்டாமல் வெட்டிப் போட்டுவிடு, உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டச் சொன்னதை நீங்கள் சொல்லும் முன்பே செய்துவிட்டேன். காட்டக் கூடாது என்றதைத்தான் வீடு வீடாக, பாட்டோடு செய்திருக்கிறேன். நாளைக் காலையிலிருந்து புதுப் பத்திரிகையோடு மறுபடி எல்லா வீட்டுக்கும் போகிறேன். பஸ் இரண்டும் கிடங்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அக்காவிடம் மூச்சு விட மாட்டேன். இவ்வளவையும் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. மேலே நான் மன்னிப்புக் கேட்ட இடத்தை மட்டும் அடித்துவிடுங்கள். பத்து நிமிடம் என்று வருகிற இடத்திலெல்லாம் இருபது என்று திருத்திக்கொள்ளுங்கள். இந்த முறையாவது ப்ரூஃபைக் கவனமாகப் பார்க்கவும்.