யூஜின் எழுதாத கடிதம்

முப்பத்தேழாம் இதழ் கிடைத்துவிட்டது என்று டுவேன் கிரப்ஸ் தொலைபேசியில் சொன்னபோது யூஜின் ஹோலப்பின் வாயில் பியரோகிக் கொழுக்கட்டை பாதி இருந்தது. அதை விழுங்குவதா துப்புவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எந்த முப்பத்தேழு?" என்றார், தெரிந்துகொண்டே.

"'எஃகு ஆந்தை' முப்பத்தேழுப்பா. அறுபத்தாறு அக்டோபர். உன் கடிதம் வந்ததே, அதுதான். டேட்டன்ல ஒரு வீட்டைக் காலி பண்ணினப்ப பெட்டியோட கிடைச்சுது. சனிக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் பிரிக்கப்போறேன்."

டுவேன் காமிக்ஸ் கடை வைத்திருப்பவர். கிளீவ்லாந்தின் மேற்குப் பகுதியில் அந்தக் காலத்து சூப்பர்ஹீரோ கதைகளுக்காக உயிரை விடுகிற நாற்பது பேரை மாதம் ஒருமுறை நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூட்டுவார். எல்லோரும் நரைத்த தலைகள். காமிக்ஸும் விற்ற அந்தக் காலத்து மருந்துக்கடையின் அடுக்கில் புது இதழ் வந்து உட்காரும் செவ்வாய்க்கிழமைகளைப் பற்றிப் பேசுவார்கள். விரலில் ஒட்டும் மையைப் பற்றிப் பேசுவார்கள். இப்போதைய ஹீரோக்கள் எதற்கெடுத்தாலும் அழுகிறார்கள் என்று வருத்தப்படுவார்கள். அவர்களில் யூஜினுக்குத் தனி மரியாதை. வாசகர் கடிதப் பக்கத்தில் இடம்பிடித்த ஒரே ஆள் அவர்தான், அதுவும் பதினொரு வயதில். ஆசிரியரே பாராட்டியிருந்தாராம்.

அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை.

பள்ளிப் பேருந்தின் கடைசி சீட்டுக்காரர்களிடம் அடி வாங்காமல் தப்பிக்கச் சொன்ன பொய் அது. அத்தோடு போயிருக்க வேண்டியது. ஆனால் இருபத்துமூன்று வயதில் ஒரு கல்யாண விருந்தில், பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் யூஜின் அதையே எடுத்துவிட்டார். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். போரில் இறந்துபோன அவளுடைய அண்ணன் அந்த ஆந்தைக்குப் பரம ரசிகன். அந்தப் பெண்தான் ஆர்லீன். முப்பத்தெட்டு வருடங்களாக அவருடைய மனைவி.

முப்பத்தேழா முப்பத்தொன்பதா என்று இப்போது சந்தேகமாக இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார் யூஜின். அதனால் என்ன, முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை பெட்டியில் இருக்கிறது, எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன் என்றார் டுவேன்.

இரவு முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் கடைக்கே போனார் யூஜின். அப்பாவுக்குக் காமிக்ஸ் என்றாலே ஆகாது, அதனால் வேறு பெயரில்தான் எழுதினேன் என்றார்.

"என்ன பேரு?"

"மறந்துபோச்சு."

டுவேன் தலையாட்டிக்கொண்டே ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டார். தப்பித்தோம் என்று யூஜின் வீடு திரும்பினார். மாலையில் நூலக வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'யூஜினின் கடிதம் எது? கண்டுபிடிப்பவருக்குப் பரிசு.' காமிக்ஸைக் கையால் தொட்டிராத எதிர்வீட்டுக்காரர்கூடக் கட்டாயம் வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை யூஜினுக்கு வயிற்றுவலி வந்தது. ஆர்லீன் சூப் வைத்துக் கொடுத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். டுவேனுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"நீ கவலைப்படாம படு. கூட்டத்தையே நம்ம வீட்டுக்கு மாத்திட்டார். அப்புறம், அந்தப் பத்திரிகையில அப்ப கடிதப் பக்கத்தைப் பார்த்துக்கிட்டவர் ஆக்ரன்ல மக வீட்டுல இருக்காராம். மில்டன் ஷார்ஃபுன்னு பேரு. எண்பத்துநாலு வயசாம். உனக்காகவே வர்றாராம்."

யூஜின் எழுந்து உட்கார்ந்தார். "எனக்குச் சரியாயிடுச்சு."

கூட்டம் நூலகத்துக்கே திரும்பிப் போனது. ஆனால் பெரியவரை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் ஆர்லீன், அண்ணனுடைய புகைப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மில்டன் ஷார்ஃப். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யூஜின் அப்பாவுக்குப் பயந்து வேறு பெயரில் எழுதிய கதையைச் சொல்லிவிட்டு, டுவேன் கையுறை மாட்டிக்கொண்டு இதழைப் பிரித்தார். ஐந்து கடிதங்கள். ஒவ்வொன்றாகப் படித்தார். ஆளுக்கொன்று சொல்லிக் கூட்டம் கத்தியது. கடைசியில் எல்லோரும் யூஜினைப் பார்த்தார்கள்.

யூஜின் எழுந்தார். ஏதாவது ஒன்றைக் கைகாட்டிவிட்டால் போதும். ஆனால் அந்தப் புகைப்படத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தார்.

"மூணாவது கடிதம்," என்றார் மில்டன் ஷார்ஃப்.

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

"நல்லா ஞாபகம் இருக்கு. பென்சில்ல எழுதியிருந்தான். ஓரத்துல ஒரு ஆந்தை வேற வரைஞ்சிருந்தான்."

டுவேன் குனிந்து பார்த்தார். மூன்றாவது கடிதத்தில் எச். மில்லர், சிகாகோ என்று போட்டிருந்தது. சிகாகோவா என்று யாரோ கேட்டார்கள்.

"ஊரையும் மாத்திட்டான். அப்பன்கிட்ட அவ்வளவு பயம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆர்லீன் யூஜினின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். டுவேன் கையுறையோடு கண்ணைத் துடைத்தார். பெரியவருக்கு மூளை குழம்பிவிட்டதா, இல்லை நாம்தான் அப்படி ஒன்றை எழுதிவிட்டு மறந்துபோனோமா என்று யூஜினுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எல்லோரும் காபிக்கும் டோனட்டுக்கும் போன நேரத்தில், கோட்டு மாட்டும் இடத்தில் பெரியவர் தனியாக இருந்தார். மகள் காரை எடுத்துவரப் போயிருந்தாள். யூஜின் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"ஐயா, அந்தக் கடிதம் நான் எழுதினது இல்ல."

"தெரியும்."

"பதினொரு வயசுல நிஜமாவே ஒண்ணு எழுதினேன். ஆயிரக்கணக்குல வந்து குவியுமே, நம்மளதை எங்க போடப்போறாங்கன்னு அனுப்பாமலே விட்டுட்டேன்."

பெரியவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். மகள் இன்னும் வரவில்லை. யூஜினின் சட்டைக் கையைப் பிடித்து அருகே இழுத்தார்.

"அனுப்பியிருக்கலாமே, தம்பி. பன்னிரண்டு வருஷத்துல எங்களுக்கு ஒரு கடிதம்கூட வரலை. அத்தனையையும் நானேதான் உட்கார்ந்து எழுதினேன்."