குடைக்கடையிலிருந்து ஒரு ஆள்

குற்றாலலிங்கம் அந்த மழைக்காலத்தில் ஒரு பெரிய தீர்மானம் எடுத்தார். பெண்டாட்டியை மேகப் பைத்தியம் ஆக்கிவிடுவது.

அவர் ஏற்கெனவே முற்றிய கேஸ். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு நாலு கடை தள்ளி அவருக்குக் குடைக்கடை. குடை வியாபாரி வானத்தைப் பார்ப்பதில் தப்பில்லை. மழை வருமா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இவர் அதிகம் கொண்டாடியது மழையே பெய்யாத மேகங்களைத்தான். கடை வாசலில் நின்று கழுத்தைப் பின்னால் சாய்த்தார் என்றால், பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்துத்தான் அவரைப் பூமிக்கு இறக்க வேண்டும். பேரிலேயே சாரல் அடிக்கிற மனிதர், என்ன செய்வது!

திருவனந்தபுரத்தில் இதே வியாதிக்காரர்கள் நிறைய இருப்பது அவருக்கு வாட்ஸ்அப்பில்தான் தெரிய வந்தது. குழுவின் பெயர் 'மேகக் கூட்டம்'. ஒரு பல் டாக்டர், ஒரு ஆட்டோக்காரர், செக்ரட்டேரியட்டில் வேலை பார்க்கும் இரண்டு பேர், இன்னும் பலர். எல்லாருக்கும் தலைவி ரெம்யா டீச்சர். யாராவது ஒரு படம் போட்டால் போதும். ஒருவர் திரள் மேகம் என்பார். இன்னொருவர் இல்லவே இல்லை, படை மேகம் என்பார். அடிதடி நடக்கும். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து 'ஆஹா' என்பார்கள். தான் பார்த்த அழகை இன்னொருத்தருக்குக் காட்டாமல் இருக்க முடியாத ஜனங்கள். லிங்கத்துக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போனது.

அந்தக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பொன்முடிக்குப் போவதாக முடிவு செய்தது. அங்கே மேகத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, காலடியிலேயே வந்து கிடக்கும். வேனில் ஒரே ஒரு சீட் பாக்கி. லிங்கம் பாய்ந்து பிடித்தார். ஆனால் தன் பேரைக் கொடுக்கப் பயம். கடைக்கு வந்துபோகிற ரெம்யா டீச்சர் விஷயத்தை வீட்டம்மாவிடம் உளறிவிட்டால்? அதனால், 'குடைக்கடையிலிருந்து ஒரு ஆள்' என்று மட்டும் எழுதி அனுப்பினார். தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார்.

வீட்டம்மா பேர் உச்சிமாகாளி. கடையில் வியாபாரம் பார்க்கிறவள் அவள்தான். லிங்கம் குடையை எடுத்துக் கொடுப்பார், அவள் அதை விற்பாள். மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் அவளிடம் லீவு கேட்பதற்குப் பதில் இடியிடம் 'சத்தம் போடாதே' என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்குத்தான் அந்தத் தீர்மானம். மேகத்தின் அருமை தெரிந்துவிட்டால் அவளே 'போயிட்டு வாங்க' என்று அனுப்பி வைப்பாள் அல்லவா?

பாடம் தொடங்கியது.

"ஏ உச்சி, வெளிய வந்து பாரேன். க்யூமுலஸ்!"

"க்யூ இங்க கடையில நிக்கி. உள்ள வாங்க."

மறுநாள் மறுபடியும்.

"அந்தா, பஞ்சச் சீவிப் போட்ட மாதிரி இருக்குல்லா? அதுக்குப் பேரு சிரஸ்."

"சிரசுன்னா தலைல்லா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோ. எல்லா மேகத்துக்கும் உச்சியில கெடக்கும்."

"என்னைய எதுக்கு இதுல இழுக்கிய?"

ஆனாலும் அவள் வெளியே வந்து நின்றாள். முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அது ஆப்பம்ங்க. நடுவுல மெத்துன்னு, ஓரத்துல ஜாலரு. பாத்தியளா?"

அது ஆப்பம் இல்லை, அதற்கு லத்தீனில் ஒரு பேர் உண்டு என்று சொல்ல வாயெடுத்தவர், திட்டத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த மேகத்தைப் படம் எடுத்துப் போட்டு, அவளையும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். கூட்டம் ஆப்ப மேகத்தைக் கொண்டாடித் தீர்த்தது. "சேச்சி, சூப்பர்!" என்றாள் ரெம்யா டீச்சர்.

அடுத்த வாரம் உச்சிமாகாளி ஒரு படம் போட்டாள். கோயிலில் உடைத்த தேங்காயின் சிரட்டை ஒன்று ஓரமாகக் கிடந்திருக்கிறது. அதில் மழைத்தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு துண்டு மேகம், இளநீர் வழுக்கை மாதிரி. லிங்கம் அதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக அவர் அண்ணாந்தே பார்த்திருக்கிறார். குனிந்து பார்க்கத் தோன்றவில்லையே! பொறாமை வந்திருக்க வேண்டும். வந்தது பெருமைதான்.

'பழம் கனிந்துவிட்டது' என்று முடிவு செய்து, மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"ஞாயித்துக்கெழம பொன்முடிக்கு ஒரு ஆளு போனா, இன்னொரு ஆளு கடையப் பாத்துக்கிட முடியாதா?"

"மழ நாளுல கடைக்கி ரெண்டு ஆளு வேணும்."

"ஒரு ஆளு தாராளமாப் போதும்."

"நெசமாவா?"

"நிரூபிச்சுக் காட்டுதேன். சனிக்கெழம நீ கடைப் பக்கமே வராத. நான் ஒத்தையில நடத்திக் காட்டுதேன். அப்ப ஒத்துக்கிடுவியா?"

உச்சிமாகாளி கையிலிருந்த குடையை மடக்கி வைத்தாள்.

"ஒத்துக்கிடுதேன். ஒரு ஆளு போதும்னு தெரிஞ்சா, ஒரு ஆளு பொன்முடி போவட்டும்."

சனிக்கிழமை விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கோயிலுக்கு வந்தவர்கள் எல்லாம் கடைக்குள் ஓடிவந்தார்கள். "சேட்டா, ஒரு த்ரீ ஃபோல்டு! வேகம்!" என்று நாலு பக்கமும் கை நீண்டது. லிங்கம் போலீஸ்காரருக்குப் பூப்போட்ட குடையைக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தாத்தா குடையைக் கொடுத்தார். பட்டன் குடை ஒன்று தானாக விரிந்து அவரை மூலையில் தள்ளியது. வளைந்த கைப்பிடி ஒன்று சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ள, அதோடேயே அரைமணி நேரம் வியாபாரம் பார்த்தார். ஆனால் ஒரு ஆள்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை. பேரம் பேசினார், சமாளித்தார், சிரிக்கக்கூடச் செய்தார். அன்றைக்கு வானத்தில் என்னென்ன மேகம் போனது என்று அவருக்குத் தெரியாது. வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் உச்சிமாகாளி வந்து கடையைச் சுற்றிப் பார்த்தாள். காலியான தட்டுகளைப் பார்த்தாள். அவருடைய காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"ஒத்துக்கிட்டேங்க. இப்படி நடத்துவியன்னு நான் கனவுலகூட நெனைக்கல."

லிங்கத்துக்குக் கால் தரையில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் கடை வாசலிலேயே வந்து நின்றது. லிங்கம் கேமராப் பையோடு தயாராக இருந்தார். உச்சிமாகாளி எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய அன்பில் அவர் உருகிப்போனார். கிளம்புவதற்கு முன்னால் அவளுக்காகக் கடை ஷட்டரையாவது தூக்கிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

"இதக் கொஞ்சம் பிடி, உச்சி" என்று பையை அவள் கையில் கொடுத்தார். குனிந்தார். ஷட்டரை மேலே தள்ளினார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

"கேறிக்கோ சேச்சி" என்று ரெம்யா டீச்சர் கை கொடுக்க, உச்சிமாகாளி வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ உச்சி! நீ எங்க போற?"

"பொன்முடிக்கிதான். ஒரு ஆளு போதும்னு நேத்து நிரூபிச்சியள்லா? என்னால ஒத்தையில இந்தக் கடைய நடத்த முடியும்னு யாரு நிரூபிச்சா? நம்பி எப்படி விட்டுட்டுப் போவிய?"

"நான் பேரு குடுத்து வச்சிருந்தேனே!"

ரெம்யா டீச்சர் போனைப் பார்த்தாள். "அதே சாரே, 'குடைக்கடையிலிருந்து ஒரு ஆள்.' சேச்சி வந்தாச்சல்லோ."

வேன் போய்விட்டது. மழை வந்தது. "சேட்டா, ஒரு குட!" என்று முதல் கை நீண்டது.

மத்தியானம் வரை ஒரு செய்தியும் இல்லை. மலையில் சிக்னல் இருக்காது. வேன் இறங்கி அடிவாரத்து விதுரா வந்ததும்தான் படங்கள் குபுகுபுவென்று வந்து விழுந்தன. புல் மேட்டை மேகம் மோர் மாதிரி வழிந்து மூடுகிற படம். பள்ளத்தாக்கில் வெள்ளைவெளேரென்று மேகம், அதன் மேல் தீவு மாதிரி ஒரு குன்று. கடைசிப் படத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. லிங்கம் கோபப்பட மறந்துபோய் அவளைக் கூப்பிட்டார்.

"உச்சி, அந்தக் கடைசிப் படம் என்ன?"

"அது உள்ளேருந்து எடுத்ததுங்க. மேகத்துக்குள்ளதான் நின்னோம். பக்கத்துல நின்ன டீச்சரே தெரியல. கண்ணெமையில எல்லாம் பொடிப்பொடியாத் தண்ணி. ஆன்னு வாயத் தொறந்தேன், உள்ள போயிட்டு. நான் ஒரு மேகத்தத் தின்னுட்டேங்க!"

"என்ன ருசி?"

"மழையில வெளிய வச்ச எவர்சில்வர் தம்ளர நக்குன மாதிரி."

லிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். எதிரே வாடிக்கையாளர் குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். இவருக்கு நாக்கு நுனியில் சில்லிட்டது. எத்தனையோ மேகங்களுக்குப் பேர் தெரியும். ஒன்றுக்கும் ருசி தெரியாது. பெண்டாட்டி என்றால் இவள் அல்லவா பெண்டாட்டி!

"அடுத்த மாசம் போனக்காடு போறாவளாம்" என்றாள் உச்சிமாகாளி. "'சாரையும் கண்டிப்பாக் கூட்டிட்டு வரணும் சேச்சி'ன்னு டீச்சர் ஒத்தக்கால்ல நின்னா."

லிங்கத்தின் நெஞ்சு குதித்தது.

"நீ என்ன சொன்ன?"

"அவியளத் தொந்தரவு பண்ணாதீய டீச்சர், அவியளுக்குக் கடைதான் உசுருன்னு சொல்லிட்டேன்."