மருத்துவர் ‘அ’ தெரிவிக்கும் ஆட்சேபம்

மதிப்பிற்குரிய புதிய தலைமை ஆசிரியர் அம்மையாருக்கு,

ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவரின் வணக்கம். தங்கள் புதுப் பொறுப்பு சிறக்கட்டும். பற்களும் நலமாக இருக்கட்டும்.

கணிதக்காரர், சமூகவியல்காரர், இசைக்காரர் எல்லாரும் சேர்ந்து எழுதும் தங்கள் ஆய்விதழை இத்தனை காலம் வெளியாரால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடிந்ததில்லை. என் மனைவி அதில்தான் எழுதிவந்தாள். “அப்படி என்னதான் எழுதுற?” என்று கேட்டால், “உங்களுக்குப் புரியாதுங்க” என்பாள். நானும் நிம்மதியாக இருந்தேன். தாங்கள் வந்தீர்கள், பழைய கட்டுரைகள், அச்சேறுமுன் அவற்றைச் சோதிக்கும் மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள், அவற்றுக்குக் கட்டுரையாளர் சொன்ன பதில்கள் என்று சகலத்தையும் இணையத்தில் ஊருக்கே திறந்துவிட்டீர்கள்.

போன வாரம் மகள் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா இறந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. அதனால் அதட்டவும் மனம் வரவில்லை. “அப்பா, காத்திருக்கறதப் பத்தி அம்மா ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க. அதுல வர்ற மருத்துவர் ‘அ’ நீங்கதான்!”

படித்தேன். மாலைதோறும் என் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் நோயாளிகளோடு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாளே, என்னோடு சேர்ந்து வீட்டுக்குப் போகத்தான் வருகிறாள் என்று நான் பூரித்துக்கொண்டிருக்க, அவளோ அவர்கள் முகத்தை ஆராய்ந்துகொண்டிருந்திருக்கிறாள், மருத்துவர் ‘அ’ வேலை செய்யும்போது பாடுகிறாராம், சுருதி சேருவதே இல்லையாம், பல்லைத் துளைக்கும் சத்தத்துக்கு அசையாதவர்கள்கூட அந்தப் பாட்டைக் கேட்டதும் கதவைப் பார்த்தார்களாம், இதற்கு வரைபடம் வேறு, சரணம் தொடங்கும் இடத்தில் பயக்கோடு செங்குத்தாக ஏறுகிறது, இனி நான் எப்படி, அம்மையாரே, தெருவில் தலைகாட்டுவது?

மதிப்பீட்டாளர் ஒருவர் நல்ல மனிதர். மருத்துவர் ‘அ’ கட்டுரையில் வரும் மற்ற மருத்துவர்கள் எவரோடும் பொருந்தவில்லை, அவரை நீக்கினால் முடிவுகள் சுத்தமாக வரும் என்கிறார். அதற்கு என் மனைவியின் பதில்: “நீக்க இயலாது. நோயாளியைவிட அவருக்கே பயம் அதிகம், அதனால்தான் பாடுகிறார். நாள்தோறும் அந்த அறையில் காத்திருப்பவருக்கு மட்டுமே இது தெரியும்.”

அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும். “தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்று திரையைப் பார்த்துக் கேட்டேன். பிறகு எழுந்து வாசல் விளக்கைப் போட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆகவே அந்தக் கட்டுரையை உடனே மூடிவிடும்படி வேண்டுகிறேன். தங்கள் குடும்பத்தாருக்கும் அலுவலகத்தாருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
மருத்துவர் ‘அ’

பின்குறிப்பு: மேலே கேட்டதை மறந்துவிடுங்கள், திறந்தே இருக்கட்டும். கட்டுரையாளரிடம் வாசகர்கள் கேள்வி கேட்கக் கட்டுரைக்குக் கீழே புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்கள். அவளிடம் யாராவது ஏதாவது கேட்டால் எனக்கு அனுப்பிவையுங்கள். பதில் எனக்குத் தெரியாது. அவளுக்கென்று வந்தது, வாங்கி வைத்துக்கொள்கிறேன்.